கப்பலில் இணையமும் தேசவிரதமும்

கடலில் உல்லாசப் பயணம் செல்லும் இல்லறத்தார், கப்பலில் தனிக் கட்டணம் செலுத்தி இணைய வசதி பெறுவது தகுமா, தகாதா? மேலெழுந்தவாரியாக நோக்குவார்க்கு இது பயண ஏற்பாட்டாளரிடம் கேட்கவேண்டிய வினாவாகவே தோன்றும். 'இதற்கும் அறநெறிக்கும் என்ன தொடர்பு?' என்பாரும் உளர். ஆயினும் அண்மைக் காலத்தில் நம் சமூகத்து இல்லங்கள் சிலவற்றிலிருந்து இவ்வினா எம்மிடம் வந்துள்ளது. சிந்தித்துப் பார்க்குங்கால், நம் ஆசாரியப் பெருமக்கள் இதனைப் பற்றிக் கூறாமல் விடவில்லை என்பது புலனாயிற்று. அதுவும், தந்திக் கம்பியைக் கனவிலும் கண்டிராத காலத்து நூல்களில்! அதனைச் சிராவக சிராவகியர் முன் வைக்க விழைகின்றோம்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுவோம். 2022 ஜூன் மாதம் 'எம்ப்ரஸ்' என்னும் உல்லாசக் கப்பலின் பயணத்தைச் சென்னைத் துறைமுகத்தில் தமிழக முதலமைச்சர் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். கார்டிலியா நிறுவனத்தாரின் இக்கப்பல் பதினொரு தளங்கள் உடையது. ஏறத்தாழ 1,800 பயணிகளை ஏற்றவல்லது. பிரான்சு நாட்டின் சேன் நசேர் நகரத்துக் கப்பல் தளத்தில் கட்டப்பெற்று, 1990-ல் வேறொரு நிறுவனத்தின் பெயரில் முதற்பயணம் புறப்பட்டது. (1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த காரைக்கால் மண்ணில் வாழும் எமக்கு இச்செய்தி சற்றே புன்முறுவலை வரவழைத்தது.) 2023 ஜூனில் இதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளுக்கும் சென்று வந்தது. வங்கக் கடலில் இன்பச் சுற்றுலா என்பது செல்வர்க்கும் வெளிநாட்டார்க்கும் மட்டுமே உரியது என்றிருந்த நிலை மாறி, ஓய்வூதியம் பெறுவோர் வீட்டுப் பிள்ளைகளும் பெற்றோரை அழைத்துச் செல்லும் காலம் வந்துவிட்டது.

இத்தகைய கப்பல்களில் உணவும் உறையுளும் பயணச் சீட்டின் விலையில் அடங்கும், இணையம் அடங்காது. கரை கண்ணுக்கு மறைந்த சிறிது நேரத்திற்கெல்லாம் கைப்பேசிக் கோபுரத்தின் அலை எட்டாது போகும். அதன்பின் வெளியுலகோடு பேசவேண்டுமாயின் கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பை விலைக்கு வாங்கவேண்டும்.

கப்பலில் சூதாட்டக் கூடம் உண்டே என்பார்க்கு நீண்ட விடை தேவையில்லை. அக்காரணம் பற்றியே 2022-ல் புதுச்சேரியில் எதிர்ப்பு எழுந்து, துறைக்கு வர அனுமதி கிட்டாமற் போயிற்று. சப்த வியசனங்களில் முதலாவதாக எண்ணப்படுவதே சூது. அக்கதவைத் திறவாமல் கடந்து செல்ல நம்மவர்க்குத் தெரியும். சூரியன் மறையுமுன் உண்பார்க்கும் கிழங்கு விலக்குவார்க்கும் முன்கூட்டிச் சொல்லிவைத்தால் ஏற்பாடு செய்துகொள்ளலாம். கடற்பயணமே கூடாதென்பதும் நம் வழக்கம் அன்று. சீவக சிந்தாமணியில் ஸ்ரீதத்தன் என்னும் வணிகன் பொருளீட்டக் கலமேறிச் சென்றதனை நாம் அறிவோம். ஆகவே இவற்றில் காலத்தைச் செலவிடாமல் வினாவுக்கே வருவோம்.

இல்லறத்தார்க்குரிய பன்னிரு விரதங்களுள், திக்விரதம் என்பது வாழ்நாள் முழுமைக்கும் பத்துத் திசைகளிலும் 'இதற்கப்பால் செல்லேன்' என எல்லை வகுத்துக்கொள்வது. அவ்வெல்லையைக் குறிப்பிட்ட ஒரு காலத்திற்கு மேலும் சுருக்கிக்கொள்வது தேசவிரதம். உமாஸ்வாமிகள் தத்துவார்த்த சூத்திரத்தில் இதனைத் திக்விரதத்தை அடுத்து வைத்தார். சமந்தபத்திர ஆசாரியர் தம் ரத்னகரண்ட சிராவகாசாரத்தில் தேசாவகாசிகம் எனப் பெயரிட்டுச் சிக்ஷாவிரதங்களில் சேர்த்தார். அந்நூலின் நெறி பற்றியே தமிழில் அருங்கலச்செப்பு எழுந்தது என்பது நம் இல்லங்களில் பலரும் அறிந்ததே. எல்லை எதுவாக இருக்கலாம்? வீடு, ஊர், வயல், ஆறு, காடு, இத்தனை யோசனைத் தொலைவு என்று ஆசாரியர் எடுத்துக்காட்டுகின்றார். காலம் எவ்வளவு? ஓராண்டு, ஒரு பருவம், ஒரு திங்கள், ஒரு பக்கம், ஒரு நட்சத்திரப் பொழுது எனப் பலவாகச் சொல்கின்றார்.

கப்பலைப் போலத் தெளிவான எல்லை வேறு எது? சுற்றிலும் இரும்புச் சுவர்; அதற்கப்பால் நீர். மூன்று நாள், நான்கு நாள் எனக் காலமும் வரையறுக்கப்பட்டுள்ளது. தேசவிரதம் பூணுவதற்கென்றே அமைந்த இடம் போன்று தோன்றுகிறது. ஆனால் இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கப்பலில் இருப்பவன் கப்பலைவிட்டு இறங்காதிருப்பது விரதம் ஆகாது. இறங்க வழியில்லை, அவ்வளவே. சிறையில் இருப்பவன் திக்விரதி அல்லன் அன்றோ? இயலாமை வேறு, விடுத்தல் வேறு. நம் பாட்டனார் காலத்தில் கப்பலேறியவர் ஊர்ச் செய்தி கேளாமல் இருந்தது அவரது நோன்பினால் அன்று, கேட்க வழியின்மையால். இன்றோ, அறைக்குள் நுழைந்தவுடன் 'இணையம் வேண்டுமாயின் இவ்வளவு' என்னும் அறிவிப்புத் தாள் மேசைமேல் இருக்கிறது. அத்தாள் இருப்பதனாலேயே, வேண்டா என்பது ஒரு விரதம் ஆகக் கூடியதாயிற்று. கட்டணத்தைக் குறைகூறுவோர் இந்த நன்மையை எண்ணிப் பார்ப்பதில்லை.

இனி, தேசவிரதத்திற்குரிய ஐந்து அதிசாரங்களைத் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் வரிசைப்படுத்துகிறது. எல்லைக்கு அப்பாலுள்ள பொருளை வரவழைத்தல், ஆனயனம். தான் செல்லாமல் வேறொருவரை ஏவிக் காரியம் முடித்தல், பிரேஷ்யப் பிரயோகம். எல்லைக்குள் நின்றபடியே இருமியோ கனைத்தோ குரல் கொடுத்தோ அப்பாலுள்ளார்க்குக் குறிப்புணர்த்தல், சப்தானுபாதம். வாய் திறவாமல் தன் உருவத்தைக் காட்டி உணர்த்தல், ரூபானுபாதம். கல்லையோ ஓட்டையோ எறிந்து கவனத்தை ஈர்த்தல், புத்கலக்ஷேபம்.

இவ்வைந்தினையும் மீண்டும் ஒருமுறை மெல்லப் படித்துப் பார்க்குமாறு வேண்டுகின்றோம். வேண்டிய பொருளைக் கப்பலில் இருந்தபடியே சென்னை வீட்டு வாசலுக்கு வரவழைக்க இன்று ஒரு விரல் போதும். அலுவலகத்திலுள்ள இளையவரை ஏவுவதற்கும் அவ்விரலே போதும். குரல் செய்தி அனுப்புகிறோம், அது சப்தம். காணொளி அழைப்பில் முகம் காட்டுகிறோம், அது ரூபம். யாரோ எழுதியதன் கீழே ஒரு பெருவிரல் படத்தை இட்டுவிட்டுப் போகிறோமே, அது கல்லெறிதலின்றி வேறென்ன? உடல் ஓரிடத்தில் அடங்கியிருக்க, ஆசை மட்டும் வேலி தாண்டும் வழிகள் எத்தனை என்று நம் ஆசாரியர் எண்ணிப் பார்த்திருக்கின்றார். வேலிக்குப் பின்னால் நின்று கனைத்த மனிதனைக் கண்டு அவர் எழுதியது, செயற்கைக்கோள் வழியே கனைக்கும் நமக்கும் பொருந்துகிறது.

'குரலும் உருவமும் சென்றால் என்ன? நான் ஓர் உயிரையும் கொல்லவில்லையே' என்று இளைஞர் கேட்பர். நியாயமான கேள்வியே. தேசவிரதம் எதற்காக ஏற்பட்டது என்பதில் இதற்கு விடை உள்ளது. தான் வகுத்த எல்லைக்கு அப்பாலுள்ள உலகில், அந்த நோன்பாளன் பெரிய பாவத்தையோ சிறிய பாவத்தையோ செய்வதில்லை, செய்விப்பதுமில்லை. எனவே அப்பகுதியைப் பொறுத்தவரை அவன் மகாவிரதியை ஒத்தவன் ஆகின்றான் என்பது ரத்னகரண்டத்தின் கருத்து. மனைவி மக்கள், தொழில், கொடுக்கல் வாங்கல் என்றிருக்கும் ஒரு சிராவகன், மூன்று நாளேனும் உலகின் பெரும்பகுதியைப் பொறுத்தமட்டில் முனிவரைப்போல் இருத்தல்! இல்லறத்தார்க்கு இதைவிட எளிதாகக் கிட்டும் பேறு வேறில்லை. அப்பேற்றினை ஒரு கட்டணச் சீட்டினால் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்பதே வினா.

இடையே ஒரு சிறு செய்தி. திக்விரதத்தில் நாம் எண்ணும் பத்துத் திசைகளில் மேல்திசையும் ஒன்று. மலையேறுதலை மனத்திற்கொண்டே முன்னோர் அதனைச் சேர்த்திருத்தல் வேண்டும். கப்பல்கள் நெடுங்காலம் பயன்படுத்திய செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பவை. கப்பலின் உச்சியிலுள்ள கோளக் கூட்டிலிருந்து புறப்படும் ஒரு சொல் அவ்வளவு தொலைவு மேலேறி, மீண்டும் இறங்கிக் கரையை அடைந்து, விடையும் அவ்வாறே திரும்பவேண்டும். அதனால் அரைநொடி தயக்கம் ஏற்படும். பேசுவோர் ஒருவர் சொல்லின்மேல் ஒருவர் ஏறிப் பேசுவர். அண்மைக் காலத்தில் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் உயரத்திலேயே சுற்றும் சிறு கோள்கள் வந்துவிட்டன. 2022 முதல் வெளிநாட்டுப் பெருங்கப்பல்கள் அவற்றுக்கு மாறத் தொடங்கின. மேல்திசைக்கு ஒரு யோசனை என்று எல்லை வகுத்த பெரியவர், 'எங்குள்ளாய்?' என்று கேட்டு ஒரு வாட்ஸப் செய்தி அனுப்பினால் அது எத்தனை ஆயிரம் யோசனை ஏறி இறங்கும் என்பதனைக் கணக்கில் வல்ல நம் பிள்ளைகள் கணித்துச் சொல்லட்டும்.

இவ்வளவும் கூறியதனால், கடலில் செய்தித் தொடர்பே தீது என்று முடிவு கட்டிவிடலாகாது. பட்டினச்சேரியில் வாழும் எவரும் அங்ஙனம் கூறத் துணியார்.

காரைக்காலுக்கும் நாகூருக்கும் இடையே, திருமலைராயன்பட்டினத்தை ஒட்டி அமைந்த மீனவர் ஊர் இது. மீன்பிடித் தொழில் நம் அறத்திற்கு உடன்பாடானதன்று. இதனை மறைத்து எழுத யாம் விரும்பவில்லை. ஆயினும் தொழிலை விலக்குவது வேறு. தொழில் செய்வோரின் உயிரைப் பற்றி அக்கறை கொள்ளாதிருப்பது வேறு. பின்னது அகிம்சை ஆகாது. கரையிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் கடந்தால் படகில் உள்ளோரின் கைப்பேசி ஊமையாகிவிடுகிறது. நாட்கணக்கில் ஆழ்கடலில் தங்குவோர்க்கு நெடுங்காலம் வானொலிக் கருவியே துணையாக இருந்தது. 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி இக்கரையை அழித்தபோது, ஆழத்தில் இருந்தோர்க்கு அவ்வலை ஓர் அசைவாகக் கூடத் தெரியவில்லை. திரும்பி வந்தபின்னரே வீடில்லை, பிள்ளையில்லை என்று அறிந்தோர் இக்கடற்கரை நெடுகிலும் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் வீசியபோதோ நிலைமை தலைகீழாயிற்று. கரையில் இருந்தோர்க்குச் செய்தி தெரியும். ஆழ்கடலில் இருந்தோர்க்கு அது சென்றடையவில்லை. நூற்றுக்கணக்கானோர் மாண்டும் காணாமலும் போயினர்.

அதன்பின் 2019-ல் 'ஜெமினி' என்னும் சிறு கருவி வந்தது. ஹைதராபாத்திலுள்ள கடல்சார் தகவல் சேவை மையத்தின் புயல் எச்சரிக்கையைச் செயற்கைக்கோள் வழியே பெற்று, படகிலுள்ளோரின் கைப்பேசிக்குத் தருவது. ஆனால் அது ஒருவழிக் கருவி. கேட்கலாம், மறுமொழி கூற இயலாது. இருவழிச் செய்திக்கு வகைசெய்யும் கருவிகளை ஒரு லட்சம் படகுகளில் இலவசமாகப் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டம் 2024 ஆகஸ்டு 30 அன்று தொடங்கப்பெற்றது. ஒரே கடல்தான். ஓரிடத்தில் பதினொரு தளக் கப்பலில் குளிர் அறையில் அமர்ந்து, திரைப்படம் தடைப்படுகிறதே, இணையம் மெதுவாக உள்ளதே என்று முறையிடுகின்றோம். சிறிது தொலைவில் மரப்படகில் நிற்பவன், 'புயல் வருகிறது, திரும்பு' என்னும் மூன்று சொற்களுக்காக வானத்தைப் பார்த்து நிற்கின்றான். கடலில் செய்தி என்பது நன்றோ தீதோ என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை என்பதனை இங்கு வாழ்வோர் எளிதில் உணர்வர்.

இவ்விரண்டும் ஒரே வழியில் மோதிக்கொண்ட நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1912 ஏப்ரல் 14 இரவு, டைட்டானிக் கப்பலின் கம்பியில்லாத் தந்தி அறையில் ஜாக் ஃபிலிப்ஸ் என்பவர் பணியில் இருந்தார். முந்திய நாள் கருவி பழுதுபட்டிருந்ததனால் பயணிகளின் சொந்தத் தந்திகள் குவிந்து கிடந்தன. முதற் பத்துச் சொற்களுக்குப் பன்னிரண்டரை ஷில்லிங், அதன்மேல் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒன்பது பென்ஸ் என்பது கட்டணம், அக்காலத்தில் பெருந்தொகை. வாழ்த்தும் நலவிசாரிப்புமாக அவற்றைக் கேப் ரேஸ் நிலையத்திற்கு அவர் அனுப்பிக்கொண்டிருக்கையில், அண்மையில் நின்ற கலிஃபோர்னியன் என்னும் கப்பலிலிருந்து சிரில் எவன்ஸ் குறுக்கிட்டு, பனிப்பாறைகள் சூழ்ந்து தம் கப்பல் நின்றுவிட்டதெனத் தெரிவிக்க முற்பட்டார். வேலையாக இருக்கிறேன், குறுக்கிடாதே என்னும் பொருள்பட ஃபிலிப்ஸ் அவரை அடக்கிவிட்டார். எவன்ஸ் சிறிது நேரம் கழித்துத் தம் கருவியை அணைத்துவிட்டு உறங்கச் சென்றார். சில நிமிடங்களில் டைட்டானிக் பாறையில் மோதியது. அதன் அபயக்குரலைக் கேட்க, மிக அருகில் இருந்த அக்கப்பலின் தந்தி அறையில் எவரும் விழித்திருக்கவில்லை. ஏறத்தாழ 1,500 உயிர்கள் மாண்டன. கப்பல்களின் தந்தி அறையில் இரவும் பகலும் கேட்பதற்கு ஆள் இருக்கவேண்டுமென்ற விதி, 1914-ல் கையெழுத்தான உலக நாடுகளின் உடன்படிக்கையில் பிறந்தது.

ஃபிலிப்ஸைக் குறைகூறல் எம் நோக்கமன்று. அவர் இறுதிவரை அபயச் செய்தி அனுப்பியபடியே உயிர்நீத்தவர். எம் மனத்தை உறுத்துவது அந்தத் தந்திகளே. அவற்றில் ஒன்றேனும் அன்றிரவே சென்று சேரவேண்டிய அவசரம் உடையதா? பயனின்றிச் செய்யும் தீங்கினை நம் நூல்கள் அநர்த்ததண்டம் என்கின்றன. அதன் வகைகளுள் அபத்தியானம் என்பது பிறர்க்குத் தீது நினைத்தல்; துச்ருதி என்பது மனத்தைக் கலக்குவனவற்றைக் கேட்டல்; பிரமாதசரியை என்பது நோக்கமின்றி எதையேனும் செய்துகொண்டிருத்தல். மௌகரியம் என்னும் வாயாடித்தனத்தை அவ்விரதத்தின் அதிசாரங்களுள் ஒன்றாக வைத்தனர். நள்ளிரவில் படுக்கையில் கிடந்தபடி திரையை மேலே தள்ளிக்கொண்டே செல்லும் விரலுக்குப் பிரமாதசரியை என்பதனைவிடப் பொருத்தமான பெயர் இல்லை.

கட்டணம் வாங்கும் முறையும் இங்கே சிந்திக்கத்தக்கது. பள்ளியில் தந்தி வாசகம் எழுதும் பயிற்சி கொடுத்த ஆசிரியர்களுக்கு இது விளங்கும். எட்டுச் சொல்லில் செய்தியை அடக்கு என்றால் பிள்ளைகள் பென்சிலைக் கடித்துக்கொண்டு சிந்திப்பர்; வேண்டாத சொல்லைத் தாமே அடித்துவிடுவர். ஒவ்வொரு சொல்லுக்கும் விலை இருந்தது. இந்தியாவில் அத்தந்தி 2013 ஜூலையில் நின்றுபோயிற்று. கப்பலின் நாட்கட்டணமோ இதற்கு நேர்மாறானது. பணம் கொடுத்தாயிற்று, இனி எவ்வளவு பயன்படுத்தினாலும் அதே விலை. 'கொடுத்த காசுக்கு வாங்கவேண்டாமா?' என்று வேண்டாததனையும் பார்க்கத் தூண்டும். விருந்தில் இலை நிறையப் பரிமாறியதனால் வயிறு கொள்ளாமல் உண்பார் போன்றதே இது. போகோபபோக பரிமாணம் என்று அளவு வைத்த நாம், அளவில்லாமல் என்னும் விளம்பரச் சொல்லைக் கேட்டவுடன் மகிழ்ந்துபோகின்றோம்.

இனி, ஒரு குடும்பத்தின் செய்தி. எம்மிடம் பயின்றவள், இன்று இரு பிள்ளைகளுக்குத் தாய். மாமியார், கணவரின் அண்ணன் குடும்பம் ஆகியோருடன் சென்னையிலிருந்து மூன்று நாட் பயணம் புறப்படவிருந்தாள். மாமியார் நாள்தோறும் சாமாயிகம் தவறாதவர், விரதத்தில் உறுதியானவர். மூன்று நாளும் எவரும் இணையம் வாங்கலாகாது, கப்பலையே எல்லையாகக் கொண்டு தேசவிரதம் ஏற்போம் என்று கூறிவிட்டார். பேரப்பிள்ளைகள் முணுமுணுத்தனர். ஆனால் எம் மாணவியின் தயக்கம் வேறு. அவளுடைய தந்தையார் கும்பகோணத்தில் இருதய நோய்க்குச் சிகிச்சை பெற்று அப்போதுதான் வீடு திரும்பியிருந்தார். தம்பி உடனிருந்து பார்த்துக்கொள்கின்றான். பயணத்தைத் தள்ளிவைக்கலாமென்றால் தந்தையாரே, போய்வா என்று வற்புறுத்துகின்றார். "டீச்சரம்மா, அத்தை சொல்வதும் தர்மம்தான். அப்பாவின் குரலைக் கேளாமல் மூன்று நாள் என்னால் இருக்க முடியாது. நான் பணம் கட்டி வாங்கினால் அத்தையின் விரதம் கெடுமா?" என்று தொலைபேசியில் கேட்டாள்.

யாம் அவளுக்குக் கூறியது இது. விரதம் என்பது தானே தன் மனத்தால் ஏற்பது. மாமியார் ஏற்றது மாமியாருக்கு. அது மருமகளைக் கட்டாது. ஏவலுக்கு அஞ்சி இருப்பது, முன்னர்க் கூறிய சிறைக்கைதியின் திக்விரதம் போன்றதே. மேலும், ஆர்த்தத்தியானம் என்பதனை நினைத்துப் பார்த்தல் வேண்டும். அன்புடையாரைப் பிரிந்து அவர் நலம் அறியாமல் உள்ளம் வெதும்பிக்கொண்டே இருப்பது தீய தியானங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. ஆசையை அடக்க ஏற்படுத்திய நோன்பு, ஒருத்தியை மூன்று நாளும் ஆர்த்தத்தியானத்தில் அமர்த்துமாயின் அதனால் வினை குறையுமா, கூடுமா? நடுக்கடலில் செய்தி அறிந்து என்ன செய்துவிட முடியும் என்று அவள் கணவர் கேட்டாராம். ஒன்றும் செய்ய முடியாதுதான். ஆனால் மகளின் குரலைக் கேட்பதே நோயாளியான தந்தைக்கு ஒரு செயல் அன்றோ? ஆகவே அவள் கட்டணம் செலுத்தட்டும் என்றோம். ஆனால் கப்பலேறுமுன்னரே வரையறை செய்துகொள்ளட்டும்: ஒரே ஒரு கருவி, காலை ஒருமுறை, மாலை ஒருமுறை, தந்தையாரிடமும் தம்பியிடமும் மட்டும். பாடக்குறிப்பில் நோக்கத்தை முதலில் எழுதாமல் வகுப்பில் நுழைந்தால் மணி அடிக்கும் வரை எதையோ பேசிக்கொண்டிருப்போம். இதுவும் அவ்வாறே.

மாமியாரிடமும் பேசினோம். முதலில் அவர்க்கு உடன்பாடில்லை. 2022-ல் பர்யூஷண நாட்களில் மத்தியப் பிரதேசத்து பேகம்கஞ்சில் நம்மவர் தம் கைப்பேசிகளை ஆலயத்தில் ஒப்படைத்துவிட்டு ஒருநாள் இருந்ததனை அவர் சான்று காட்டினார். நல்ல சான்றே. ஆனால் அங்கே ஒப்படைத்தவர்கள் தாமே முன்வந்து ஒப்படைத்தனர். ஒருவர் கையிலிருந்து மற்றவர் பறித்து வைத்தால் அது பறிமுதல் என்று மட்டுமே பெயர் பெறும். இதனைக் கேட்டு அம்மையார் நகைத்து, "சரி, அவள் வாங்கிக்கொள்ளட்டும், நாங்கள் தொடமாட்டோம்" என்றார்.

முதல்நாள் அவ்வாறே கழிந்தது. இரண்டாம் நாள் மாலை, இந்திய அணி ஆடும் பந்தயம் ஒன்று. விரதம் ஏற்றிருந்த மூத்த மகனார் தம்பி மனைவியை அழைத்து, "அம்மா, உன்னிடம்தான் இணையம் இருக்கிறதே, ஸ்கோர் என்னவென்று மட்டும் பார்த்துச் சொல்" என்றாராம். பிரேஷ்யப் பிரயோகம்! தாம் எல்லைக்குள் இருந்துகொண்டு வேறொருவரை ஏவிக் காரியம் முடித்தல். மேல்தளத்தில் எடுத்த படத்தைத் தோழர்களுக்கு அனுப்பித் தருமாறு பேரன் கெஞ்சினான்; ரூபானுபாதம். இவற்றையெல்லாம் கண்டித்த அம்மையாரே மறுநாட்காலை, "உன் தம்பியிடம் பேசும்போது ஊர்ப்பக்கம் மழை உண்டா என்று கேள், களத்தில் நெல் கிடக்கிறது" என்றார். வாங்காத பேர்களுக்கெல்லாம் வாங்கிய ஒருத்தியே வாசலாகிவிட்டாள். அவளோ, இருமுறைக்கு மேல் அக்கருவியைத் தனக்காகத் தொட்டாளில்லை.

இதனை அக்குடும்பத்தைப் பழிப்பதற்காக எழுதவில்லை. அவர்களது இசைவு பெற்றே எழுதுகின்றோம். அதிசாரம் என்பது விரதம் முறிந்துபோதல் அன்று. வேலி சாய்ந்தது, இன்னும் விழவில்லை. பிரதிக்கிரமணத்தால் நிமிர்த்திக்கொள்ளலாம். ஆனால் பணம் செலுத்தாமையையே விரதமாகக் கருதினால் இத்தகைய சாய்வு கண்ணுக்குத் தெரியாது என்பதனைச் சுட்டவே எழுதினோம். வாங்கியவள் எல்லைக்குள் இருந்தாள். வாங்காதோர் சிறிது வெளியே சென்று வந்தனர்.

கப்பல் சென்னையை நெருங்கிய காலையில் மற்றொன்று நிகழ்ந்தது. கரை ஒரு கோடாகத் தெரியத் தொடங்கியபோதே கோபுர அலை எட்டிவிட்டது. ஒரு காசும் கொடாமல் எல்லார் பையிலும் கைப்பேசிகள் ஒலிக்கலாயின. "பாட்டி, இப்போது காசு இல்லையே, பார்க்கலாமா?" என்றான் பேரன். மூன்று நாள் என்றுதானே ஏற்றோம், பொழுது விடிந்ததும் முடிந்தது என்றார் மூத்த மகனார். கப்பலை எல்லையாக வைத்தோம், இறங்கும் வரை முடியாது என்றார் அம்மையார். சங்கற்பம் செய்தபோது இடத்தைச் சொன்னார்கள். காலத்தைச் சரியாகச் சொல்லவில்லை. ஆசாரியர் இரண்டையும் தனித்தனியே வகுத்துச் சொன்னதன் காரணம் அங்கே தெரிந்தது. பிள்ளைகள் எடுத்துப் பார்த்தனர், மூத்தவரும் பார்த்தார். அம்மையார் மட்டும், ஒலித்துக்கொண்டிருந்த தம் கைப்பேசியைப் புடவை மடிப்புகளுக்கிடையே பெட்டியில் வைத்து மூடினார். இறங்கும் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றபோதும் அதனை எடுக்கவில்லையாம். 'வரும் தசலட்சணத்தில் பத்து நாளுக்கு என் வீட்டு வாசற்படியை எல்லையாக வைக்க எண்ணுகின்றேன். இம்முறை நாழிகையும் குறித்துக்கொள்வேன்' என்று எமக்கு எழுதியிருக்கின்றார்.